பல்கலைக்கழகத்திலிருந்து நாடாளுமன்றம் செல்லும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களே,

வணக்கம். வகுப்பறையிலும் ஆய்வகத்திலும் பல்லாண்டுகள் உழைத்துவிட்டு, தேர்தலில் வென்றோ குடியரசுத் தலைவரின் நியமனத்தாலோ தில்லிக்குச் செல்கிறீர்கள். அவையில் இனி ஓர் அறிஞரின் குரல் கேட்கும் என்று ஊரே மகிழ்கிறது. குரல் கேட்பது பெரிய காரியமில்லை. ஓர் அமைச்சகம் பதில் சொல்லியே தீரவேண்டிய இடத்தில் உங்கள் படிப்பைக் கொண்டுபோய் நிறுத்துவதுதான் பெரிய காரியம். அதற்கான வழிகள் சலிப்பூட்டுபவை, நுணுக்கமானவை, விதிமுறைப் புத்தகத்துக்குள் கிடப்பவை. புதிதாக வரும் கல்வியாளர்கள் பலர் அவற்றைத் தெரிந்துகொள்வதற்குள் பதவிக்காலத்தில் பாதி ஓடிவிடுகிறது. ஆகவே இந்த மடல்.

உங்களுக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களில் நான் முதலில் நினைப்பது இயற்பியலாளர் மேகநாத் சாகாவை. 1893இல் டாக்காவுக்கு அருகே சேவ்ராத்தலி என்ற சிற்றூரில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். விண்மீனிலுள்ள அணுக்கள் எவ்வளவு வெப்பத்தில், எவ்வளவு அழுத்தத்தில் எலக்ட்ரான்களை இழக்கின்றன என்று கணக்கிட்டுச் சொல்லும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டார். இன்றும் வானியற்பியல் மாணவர் அதைப் படிக்காமல் தேற முடியாது. 1927இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினர். அலகாபாத்தில் பதினைந்து ஆண்டுகள், பிறகு 1938 முதல் கல்கத்தாவில் பாலித் பெயரிலான இயற்பியல் இருக்கையின் பேராசிரியர். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் கல்கத்தா வடமேற்குத் தொகுதியிலிருந்து காங்கிரசை எதிர்த்து நின்று மக்களவைக்குப் போனார். சோஷலிஸ்டுகள், முற்போக்காளர்கள் சேர்ந்த ஓர் அணி அவரை நிறுத்தியது. ஆனாலும் கட்சிக்குக் கட்டுப்படாத தன் நிலையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. தேர்தல் செலவுக்குப் பணமில்லாமல், தாம் எழுதிய வெப்பவியல் பாடநூலின் பதிப்பாளரிடம் 5,000 ரூபாய் முன்பணம் கேட்டு எழுதினார்.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பலரும் சுவையாகச் சொல்வார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. 1952இல் அவர் வெறுங்கையோடு அவைக்குள் நுழையவில்லை. 1913இல் தாமோதர் நதியின் வெள்ளத்தில் மாணவராக நிவாரணப் பணி செய்தவர். 1935இல் ‘சயன்ஸ் அண்ட் கல்ச்சர்’ இதழைத் தொடங்கி நதி, மின்சாரம், தொழில் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1938இல் சுபாஷ் சந்திர போஸ் அமைத்த தேசியத் திட்டக் குழுவில், மின்சாரம்-எரிபொருள் துணைக்குழு அவர் பொறுப்பில் இருந்தது. 1943இல் தாமோதர் மறுபடி கரையுடைத்தபோது அமைக்கப்பட்ட விசாரணைக் குழுவில் உறுப்பினராகி, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்குத் திட்டத்தை முன்மாதிரியாகக் காட்டினார். 1948இல் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. அதாவது, நாடாளுமன்றத்தில் பேசிய பொருள்களில் பலவற்றை அவர் பதினைந்து, இருபது ஆண்டுகளாகக் கையாண்டிருந்தார். ஆகவே என் முதல் வேண்டுகோள்: எல்லாப் பொருளிலும் பேசாதீர்கள். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு பொருள், தொகுதி கேட்கும் ஒரு பொருள், ஆக மூன்று. பதவிக்காலம் முழுவதும் அந்த மூன்றே போதும்.

சாகாவின் காலத்துக்கும் உங்கள் காலத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர் இருந்த முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரியாக 135 நாள் கூடியது. 17ஆவது மக்களவைக்கு அந்தச் சராசரி ஏறத்தாழ 55 நாள்தான். அவருக்குக் கொறடா உத்தரவு என்ற கவலை இல்லை. 1985இல் அரசமைப்பின் 52ஆவது திருத்தத்தின் மூலம், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாவது அட்டவணை வந்தபின், கட்சி உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். சுயேச்சையாக வென்றவர் பிறகு கட்சியில் சேர்ந்தாலும் போகும். நியமன உறுப்பினர் பதவியேற்ற ஆறு மாதத்துக்குள் கட்சியில் சேரலாம், அதற்குப் பின் சேர்ந்தால் தகுதியிழப்பு. இதையெல்லாம் படித்துவிட்டு, இனி நமக்கு வாயில்லை என்று சோர்ந்துவிடுகிற பேராசிரியர்கள் உண்டு. அது தவறு. கொறடாவின் கை வாக்கெடுப்பு வரைதான் நீளும். கேள்விகளிலும் நிலைக்குழுவிலும் அது எட்டாது. அமைச்சகங்களின் பணத்தையும் மசோதாக்களையும் ஆராயும் துறைவாரி நிலைக்குழுக்கள் 1993இல்தான் வந்தன. சாகாவுக்கு அந்தக் கருவி கிடைக்கவே இல்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

கேள்விகளிலிருந்து தொடங்குகிறேன். மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் பட்டியலாகும். மாநிலங்களவையில் 15, 160. குறியிட்டவற்றுக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வி கேட்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் நான்கைந்து கேள்விகளுக்குமேல் நகராது. எது முதலில் வருகிறது என்பது குலுக்கல். எனவே, குறியிட்ட கேள்வி வரட்டும் என்று காத்திருப்பது வீண். ஆய்வாளருக்கு உண்மையான புதையல் குறியிடாத கேள்விதான். எழுத்தில் பதில் வரும், அட்டவணையோடு வரும், எவரும் மேற்கோள் காட்டத்தக்க ஆவணமாக நிற்கும்.

அறிவிப்பு முழுதாக 15 நாள் முன்னால் போய்ச் சேரவேண்டும். மக்களவையில் ஒரு நாளுக்கு ஐந்து அறிவிப்புகள் தரலாம். அமைச்சகங்கள் ஐந்து தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, கிழமைக்கு ஒரு தொகுதி பதில் சொல்லும்; கூட்டத்தொடர் அறிவிக்கப்பட்டதும் அந்தக் கிழமை அட்டவணையை எடுத்து, உங்கள் மூன்று பொருள்களும் எந்தெந்த நாளில் விழுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மக்களவைக் கேள்வி பொதுவாக 150 சொல்லைத் தாண்டக்கூடாது. வாதமோ கருத்தோ அதில் இருந்தால் தள்ளுபடி. எளிதில் கிடைக்கும் வெளியீட்டில் உள்ள தகவலைக் கேட்டாலும் தள்ளுபடி. பேராசிரியர்கள் வழுக்கி விழுவது பெரும்பாலும் முதல் விதியில்: கேள்விக்குள் ஒரு முன்னுரை எழுதிவிடுகிறார்கள்.

“உயர்கல்வியின் தரத்தை உயர்த்த அரசு எடுத்த நடவடிக்கைகள் என்ன?” என்று கேட்டால், திட்டங்களின் பெயர்களை அடுக்கி இரண்டு பக்கம் வரும். அதில் ஒரு வரிகூடப் பயன்படாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இன்ன தேதி நிலவரப்படி அனுமதிக்கப்பட்ட பேராசிரியர், இணைப்பேராசிரியர், உதவிப்பேராசிரியர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, இட ஒதுக்கீட்டுப் பிரிவுவாரியாக எத்தனை, இரண்டாண்டுக்கு மேல் காலியாக உள்ளவை எத்தனை, அவற்றுக்குக் கடைசியாக விளம்பரம் வெளியான தேதி என்ன? தேதியும் அட்டவணையின் நிரல்களும் கேள்வியிலேயே இருந்தால் பதிலில் நழுவ இடம் குறையும். அடுத்த கூட்டத்தொடரில் அதே நிரல்களோடு மறுபடி கேளுங்கள். மூன்று முறை கேட்டால் ஒரு காலத்தொடர் கிடைத்துவிடும். நடுவில் அமைச்சகம் நிரல்களை மாற்றித் தந்தால், எதை மறைக்க மாற்றினார்கள் என்று பார்ப்பதற்கு உங்களைவிடப் பயிற்சி பெற்றவர் யார்?

“தகவல் திரட்டப்படுகிறது, அவையில் வைக்கப்படும்” என்று பதில் வந்தால் கோபப்பட்டுக் கிழித்துப் போடாதீர்கள். அது ஓர் உறுதிமொழி. அப்படிப்பட்ட சொற்றொடர்களைப் பட்டியலிட்டுப் பின்தொடர்வதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. தேதியைக் குறித்து வைத்து, மூன்று மாதம் கழிந்ததும் குழுவுக்கு எழுதுங்கள். இந்த ஒரு வேலையை உங்கள் உதவியாளரிடம் நிரந்தரமாக ஒப்படைத்துவிடலாம்.

இனி நிலைக்குழு. மொத்தம் 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஆண்டுதோறும் மாற்றி அமைக்கப்படும். எந்தக் குழு வேண்டும் என்று கட்சித் தலைமையிடம் முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுங்கள்; தாமதித்தால் உயிரியல் பேராசிரியர் நகர்ப்புற வளர்ச்சிக் குழுவில் போய் உட்காருவார். ஆண்டுக்கொரு முறை குழு மாறினால் இரண்டாம் ஆண்டில் நீங்கள் மறுபடி முதலாமாண்டு மாணவர்தான். ஆகவே கிடைத்த குழுவிலேயே நீடிக்கப் போராடுங்கள்.

நிதிநிலை அறிக்கைக்குப் பின் அவை இடைவேளை விடும் வாரங்களில் குழு, அமைச்சகங்கள் தங்கள் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளை ஆராயும். அவையில் சில அமைச்சகங்களின் கோரிக்கைகள்தான் விவாதத்துக்கு வரும். மீதி எல்லாம் கடைசி நாளில் ஒரே மூச்சில் வாக்கெடுப்புக்கு விடப்படும். எனவே ஒரு துறையின் பணத்தை வரிவரியாகப் பார்க்கும் ஒரே இடம் குழுதான். முதலில் படிக்கவேண்டியது இந்த ஆண்டின் புத்தகத்தை அல்ல. சென்ற ஆண்டு அறிக்கைமீது அரசு எடுத்த நடவடிக்கை அறிக்கையை. ஏற்கப்பட்ட பரிந்துரைகள், குழு வலியுறுத்தாமல் விட்டவை, அரசின் பதிலை ஏற்காமல் குழு மீண்டும் வலியுறுத்துபவை, இறுதிப் பதில் வராதவை என்று அதில் பிரித்திருக்கும். கடைசி இரண்டில்தான் உங்கள் கேள்விகள் இருக்கின்றன. அதன்பின் விரிவான மானியக் கோரிக்கையை எடுத்து நான்கு எண்களை ஒரே வரிசையில் எழுதுங்கள்: முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டு மதிப்பீடு, நடப்பாண்டுத் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு. மதிப்பீட்டில் பெரிதாகக் காட்டித் திருத்திய மதிப்பீட்டில் வெட்டுகிற தலைப்புகள் சில நிமிடத்தில் கண்ணில் படும். துறைச் செயலாளர் குழுமுன் சாட்சியம் சொல்ல வரும்போது அந்தத் தலைப்புகளை மட்டும் கேளுங்கள். ஒதுக்கீடு ஏன் குறைவு என்று கேட்டால் நிதியமைச்சகத்தைக் கைகாட்டிவிடுவார். ஒதுக்கியது ஏன் செலவாகவில்லை என்று கேட்டால் அவர்தான் பதில் சொல்லவேண்டும்.

குழுவின் கருத்தோடு உடன்பாடு இல்லையென்றால் மாறுபாட்டுக் குறிப்பு எழுதித் தரலாம். அது அறிக்கையோடு அச்சாகும். கட்டுரை எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாக வரும். ஆனால் ஒன்றில் மிகுந்த கவனம் வேண்டும். குழுக் கூட்டம் மூடிய கதவுக்குள் நடப்பது. அறிக்கை அவையில் வைக்கப்படுமுன் அங்கே கேட்டதை நாளிதழ் கட்டுரையிலோ கருத்தரங்கிலோ சொன்னால் உரிமை மீறல் ஆகும். கேட்டதை உடனே எழுதிவிடுவது நம் தொழில் பழக்கம். அங்கே அதை அடக்கத்தான் வேண்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மசோதாக்கள் குழுவுக்குப் போவது குறைந்துவிட்டது. 15ஆவது மக்களவையில் ஏறத்தாழ 71 விழுக்காடு மசோதாக்கள் குழுக்களுக்குச் சென்றன. 17ஆவதில் ஏறத்தாழ 16 விழுக்காடுதான். இது வருந்தத்தக்க நிலை. உங்களைப் போன்றவர்கள் கட்சி வேறுபாடின்றி, ஒவ்வொரு மசோதா வரும்போதும் குழுவுக்கு அனுப்பக் கோரினால்தான் இது மாறும்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதா பற்றி அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். விடுதலைக்குப் பின் சட்டமானவை 14 மட்டுமே, கடைசியாக ஒன்று 1970இல். ஆனாலும் அது வீண் வேலையல்ல. திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது தேறவில்லை; ஆனால் அதன்பின் அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று, 2019இல் சட்டமும் வந்தது. வந்த சட்டம் போதுமானதா என்பது வேறு விவாதம்.

அவையில் பேச உங்களுக்குக் கிடைக்கும் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்தது. சிறிய கட்சியென்றால் மூன்று நிமிடம், ஐந்து நிமிடம். ஐம்பது நிமிட வகுப்புக்குப் பழகியவர்கள் முன்னுரை முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். எந்தப் பிரிவில் குறை, அதற்குச் சான்றாக ஓர் எண், என்ன திருத்தம் வேண்டும்: இந்த வரிசையில் பேசுங்கள். வரலாறும் கோட்பாடும் நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.

மறுபடி சாகாவிடம் வருகிறேன், ஏனென்றால் அவர் வென்றதிலும் தோற்றதிலும் கற்றுக்கொள்ள இருக்கிறது. 1948இன் அணுசக்திச் சட்டம் ஆராய்ச்சியை இரகசியத்துக்குள் பூட்டுகிறது, பல்கலைக்கழகங்களைப் புறக்கணிக்கிறது, முதலில் தொழில் அடித்தளமும் பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும் என்பது அவர் வாதம். 1954 மே மாதம் மக்களவையில் அணுசக்தி பற்றிய விவாதத்துக்கு வழிவகுத்து அதை விரிவாகப் பேசினார். பிரதமர் நேருவும் பேசினார். அந்த ஆகஸ்டிலேயே அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் அமைந்தது. சாகா சொன்னது ஏற்கப்படவில்லை. அவர் நிறுவிய அணு இயற்பியல் நிலையத்துக்கோ அரசின் பணம் தேவைப்பட்டது. விமர்சிக்கிற கையே விண்ணப்பத்தையும் நீட்டவேண்டிய நிலை. நீங்கள் நடத்தும் மையத்துக்கு ஏதேனும் அமைச்சகம் பணம் தருகிறது என்றால், பதவியேற்குமுன் அதன் தலைமையை வேறொருவரிடம் முறையாக ஒப்படையுங்கள். குழுவில் அந்தப் பொருள் வந்தால் உங்களுக்குள்ள தொடர்பை முதலிலேயே அறிவித்துவிடுங்கள். இதில் தயக்கம் காட்டியவர்களின் நல்ல கேள்விகளும் மதிப்பிழந்து போகின்றன.

அவர் வென்றது நாட்காட்டியில். 1952 நவம்பரில் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். நாட்டில் வழங்கிய சுமார் 30 நாட்காட்டிகளை எடுத்துப் பார்த்தார்கள். சூரிய சித்தாந்தம் ஓர் ஆண்டை 365.258756 நாளாகக் கொள்கிறது. பருவங்களை ஆளும் ஆண்டோ 365.2422 நாள். ஆண்டுக்கு ஏறக்குறைய 24 நிமிட வேறுபாடு. பிரபவ தொடங்கி அட்சய வரை 60 ஆண்டுச் சுற்று ஒன்று முடிவதற்குள் ஒரு நாள் நழுவிவிடும். 1,400 ஆண்டுகளில் 23 நாள். பகலும் இரவும் சமமாகும் இளவேனில் சமநாளை ஒட்டி வரவேண்டிய ஆண்டுப்பிறப்பு ஏப்ரல் 14க்கு, நம் சித்திரை முதல் நாளுக்கு, வந்து நிற்பது இதனால்தான். சக ஆண்டைக் கொண்டு, சமநாளுக்கு மறுநாள் தொடங்கும் ஒரு தேசிய நாட்காட்டியைக் குழு 1955இல் பரிந்துரைத்தது. 1957 மார்ச் 22, சக 1879 சைத்திர மாதம் முதல் நாள் என்று அது நடைமுறைக்கு வந்தது. அதைப் பார்க்க சாகா இல்லை. 1956 பிப்ரவரி 16 அன்று தில்லியில் திட்டக் கமிஷன் அலுவலகத்துக்குப் போகும் வழியில் மாரடைப்பால் இறந்துவிட்டார். வயது 62.

வீடுகளும் கோயில்களும் அந்த நாட்காட்டியை ஏற்றுக்கொள்ளவில்லை. அரசிதழோடு அது நின்றது. ஆனால் சமய வழக்குக்காகக் குழு ஒரு கணக்கையும் நிலைப்படுத்தியது: சமநாள் புள்ளியிலிருந்து அளக்கும் ராசிச் சக்கரத்துக்கும் விண்மீன்களை வைத்து அளக்கும் ராசிச் சக்கரத்துக்கும் உள்ள விலகலான அயனாம்சம், 1956 மார்ச் 21 அன்று 23 பாகை 15 கலை. குழுவின் செயலாளர் நி. ச. லாஹிரியின் பெயரால் அது இன்று தமிழ்நாட்டுச் சோதிட மென்பொருள்களிலும் திருக்கணிதப் பஞ்சாங்கங்களிலும் வழங்குகிறது. இது ஏன் நிலைத்தது என்று யோசிக்கவேண்டும். ஆண்டுதோறும் கணக்கிட்டு அச்சிட்டு வெளியிட ஓர் அலுவலகம் அமைந்தது. ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் பல மொழிகளில் தொடர்ந்து வந்தது. அறிக்கை ஒரு முறை அச்சாகித் தூங்கும். ஆண்டுதோறும் வேலை செய்யவேண்டிய ஓர் அலுவலகத்தை உருவாக்கினால் அது உங்களுக்குப் பின்னும் நடக்கும். குழுவில் பரிந்துரை எழுதும்போது, இதை யார் செய்வார், எந்தத் தலைப்பில் பணம், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இல்லாத வரிகளை அடித்துவிடுங்கள்.

சாகாவின் கல்லூரித் தோழரான இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் அதே 1952இல் நியமன உறுப்பினராக மாநிலங்களவைக்குப் போய் 1959 வரை இருந்தார். நியமனத்தில் தேர்தல் செலவு இல்லை, தொகுதி மக்களின் வரிசை வாசலில் இல்லை. குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்கும் இல்லை. கட்சியில் சேராமல் இருந்தால் கொறடாவும் இல்லை. அப்படிப்பட்ட சுதந்திரம் கிடைத்தவர்கள் அவைக்கு வராமல் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பன்னிரண்டே இடங்கள், அதில் ஒன்றை வெறுமையாக வைத்திருக்கக் கூடாது.

வென்றவரோ நியமனமானவரோ, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. நீங்கள் பரிந்துரைக்க மட்டுமே முடியும். நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். பட்டியல் இனத்தவர் வாழும் பகுதிகளுக்கு 15 விழுக்காடு, பழங்குடியினர் பகுதிகளுக்கு 7.5 விழுக்காடு. பள்ளிக்கு ஆய்வகக் கட்டடம் தரலாம். அதற்கு ஆண்டுதோறும் வேதிப்பொருள் வாங்க இந்த நிதி உதவாது. கட்டடம் எழும்பிப் பூட்டிக் கிடப்பது இதனால்தான். பராமரிப்பை ஏற்பதாகப் பள்ளியிடமோ உள்ளாட்சியிடமோ எழுத்தில் வாங்கிய பிறகே பரிந்துரைக் கடிதத்தில் கையொப்பமிடுங்கள்.

இன்னும் போட்டியிடாமல் யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு சொல். அரசுக் கல்லூரி ஆசிரியர் அரசு ஊழியர். விலகல் ஏற்கப்பட்ட ஆணை கையில் இல்லாமல் வேட்புமனு கொடுத்தால் ஆதாயம் தரும் பதவி என்ற பெயரில் பரிசீலனையிலேயே மனு தள்ளுபடியாகலாம். பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு நிலைமை அந்தந்தப் பல்கலைக்கழக விதிகளைப் பொறுத்தது. அதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், வாய்மொழி உறுதியை நம்பாதீர்கள்.

உங்கள் ஆய்வு மாணவர்களை மறந்துவிடாதீர்கள். பேராசிரியர் ஒருவர் எட்டு முனைவர் பட்ட மாணவர் வரை வழிகாட்டலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதி. அந்த எட்டுப் பேரில் யாரும் உங்கள் தில்லிப் பயணத்தால் ஓராண்டை இழக்கக் கூடாது. கூட்டத்தொடர் தொடங்குமுன் ஒவ்வொருவருக்கும் இணை வழிகாட்டி ஒருவரைத் துறைக்குழு மூலம் பெற்றுத் தாருங்கள். எழுதி முடிக்கும் நிலையில் உள்ளவர்களின் அத்தியாயங்களைப் பதவியேற்குமுன்பே படித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் அட்டவணைகளோடு ஆண்டுவாரியாகத் தொகுத்து, தமிழ்ச் சுருக்கத்தோடு, உங்கள் பழைய துறை நூலகத்துக்கு ஒரு படி அனுப்புங்கள்.

அன்புடன்,
நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளைத் தொடர்ந்து படித்துவரும் ஒரு வாசகர்